ஹேக்கத்தானுக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொடுக்கப்பட்ட ஒரு பிரச்சினைக்குச் செயலியோ கருவியோ செய்து குறித்த நேரத்துக்குள் தீர்வு காட்டும் போட்டியே ஹேக்கத்தான். மாணவர் ஹேக்கத்தானுக்கு அணிகளைத் தெரிந்தெடுக்கும் உள்சுற்றுகள் கல்லூரிகளில் தொடங்கவிருக்கும் நேரம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருந்தது. நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுள் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு, மாணவர் அணிகளுக்கு வழிகாட்டியாகவும் சில போட்டிகளில் நடுவராகவும் இருந்து நான் கண்டறிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அணியில் ஒரு மாணவியாவது இருக்க வேண்டும் என்ற விதிக்காக, கணினித் துறையைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் என்னைச் சேரச் சொல்கிறார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பெயருக்காகச் சேர மனம் ஒப்பவில்லை. வாய்ப்பை விட்டுவிடவும் மனமில்லை. உள்சுற்றுக்கு ஒரு மாதம் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: சேருங்கள். ஆனால் சேரும் முன்பே அந்த ஐவரோடும் உட்கார்ந்து, உங்கள் பொறுப்பு எது என்பதைப் பேசி முடிவு செய்துகொண்டு சேருங்கள். 2017 முதல் மத்திய அரசு நடத்திவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஓர் அணிக்கு ஆறு பேர், அறுவரும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள், அவர்களுள் குறைந்தது ஒருவர் மாணவி என்பது விதி. மாணவிகளுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட அந்த விதி, பட்டியலை நிரப்பும் சடங்காகச் சுருங்கிவிடுவதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். நடுவர் மேசைக்கு எதிரே ஐந்து பேர் மாறி மாறிப் பேச, ஆறாவதாக நின்ற மாணவி ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிய காட்சியை ஒருமுறைக்கு மேல் கண்டதுண்டு. அந்த மாணவிக்கு விஷயம் தெரியாது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை; அவரிடம் எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

உங்கள் அணிக்கு நீங்கள் எவ்வளவு தேவைப்படுகிறீர்கள் என்பது அந்த ஐவருக்கும் இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இந்தப் போட்டியில் அமைச்சகங்களும் மாநிலத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தரும் பிரச்சினைகளில் கணிசமானவை தண்ணீர், சாலை, வேளாண்மை, சுகாதாரம், பேரிடர் ஆகியவற்றைப் பற்றியவை. மழைநீர் வடிகாலைப் பற்றிய செயலி ஒன்றைச் செய்து வந்த அணியிடம், அவர்கள் காட்டிய தெருவின் சரிவு எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டேன். ஆறு பேரில் எவருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் நிறங்கள் அழகாக மாறின. தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்பதை அறியாமலே அவை மாறிக்கொண்டிருந்தன. மட்டம் பார்க்கவும், குறுக்குவெட்டு வரையவும், ஓர் ஓடைப் பாலத்தின் அடியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிடவும் படித்திருக்கும் ஒருவர் அந்த அணியில் இருந்திருந்தால், அவர்கள் செய்து வந்தது வேறொன்றாக இருந்திருக்கும்.

ஆகவே, பிரச்சினையைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பையும், அதை நேரில் சென்று பார்க்கும் பொறுப்பையும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தெடுப்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் எளியது. காலையில் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசிவிட்டு, இருட்டும் முன் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் அந்தப் பிரச்சினை இருக்க வேண்டும். பனி மலையில் வண்டிகள் சறுக்குவதைப் பற்றிய பிரச்சினை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், நெல்லையில் இருப்பவர் அதைக் கற்பனையில் மட்டுமே தீர்க்க முடியும். பாபநாசத்திலிருந்து கடல்வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய்கள் நிரப்பும் குளங்கள், கார், பிசானம் என்ற இரு போகங்கள் என்று நம் கண்முன்னே இருப்பவற்றில் இன்னும் யாரும் கைவைக்காத பிரச்சினைகள் எத்தனையோ உள்ளன.

ஒரு மாதத்தில் முதல் பத்து நாட்களைத் தெரிந்தெடுப்பதற்கும் நேரில் பார்ப்பதற்குமே செலவழித்தாலும் தவறில்லை. போகும்போது கேள்வித்தாளை நீட்ட வேண்டாம். ‘இந்த வேலையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள், அன்று என்ன நடந்தது’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ‘இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா’ என்று கேட்டால், நம் ஊர்க்காரர்கள் பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே ‘நல்லா இருக்கும்’ என்பார்கள். அந்த விடையால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. அவர் இப்போது அந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார், அதற்கு எவ்வளவு நேரமும் பணமும் போகிறது என்பதை அறிந்து வந்தால், அணியில் உள்ள மற்ற ஐவரும் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தானே துலங்கிவிடும்.

அதன் பிறகு ஒரே ஒரு பயன்பாட்டை, தொடக்கம் முதல் முடிவு வரை, வேலை செய்யும்படி கட்டச் சொல்லுங்கள். பத்து வசதிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்திய அணிகளே நான் பார்த்தவற்றில் அதிகம். ஒரு விவசாயி ஒரு தகவலைப் பதிவு செய்கிறார், அது உரியவரைச் சென்றடைகிறது, அவருடைய பதில் விவசாயிக்குத் திரும்பி வருகிறது என்ற ஒரு வழி முழுமையாக ஓடினால் போதும். உள்நுழைவுப் பக்கத்தையும் முகப்புப் படத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிரல் எழுதத் தெரியாது என்கிறீர்கள். எழுத வேண்டாம், ஆனால் கிட் என்ற கருவியைப் பயன்படுத்த மட்டும் இந்த மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இந்தக் கருவி, பலர் ஒரே வேலையில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கிறது. ஆறு பேர் ஒரே கோப்பைப் பென்டிரைவில் மாற்றி மாற்றிக் கொடுத்து, நள்ளிரவில் எது கடைசிப் படி என்று தெரியாமல் விழிக்கும் துன்பம் இதனால் நீங்கும். உங்கள் அளவீடுகளையும் குறிப்புகளையும் நீங்களே அதில் பதியுங்கள். நடுவர்களின் முன் முதல் இரண்டு நிமிடங்கள், நீங்கள் கண்டு வந்ததை நீங்களே பேச வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் அவர்கள் இசையாவிட்டால், வேறு அணியைத் தேடுங்கள், அல்லது நீங்களே ஓர் அணியைக் கூட்டுங்கள். ஒரு மாதம் அதற்குப் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் வாழைதான் பிழைப்பு. இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் கைப்பேசிச் செயலியைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளான்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப் படத்தொகுப்பைக் காட்டி, நோயை அடையாளம் காணக் கணினியைப் பயிற்றுவித்ததில் 98 சதவீதம் சரியாக வருகிறது. இதை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போகலாமா?
– நான்கு நண்பர்கள், களக்காடு

பதில்: அந்தத் தொகுப்பில் வாழை இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் 54,000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. தக்காளி, உருளைக்கிழங்கு, ஆப்பிள், திராட்சை, மக்காச்சோளம் என்று 14 பயிர்களின் இலைகள் உள்ளன. வாழை இல்லை, நெல்லும் இல்லை. உங்கள் 98 சதவீதம் தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் உரியது. களக்காட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வாழைக்கென்று கொண்டுவந்த செயலியில் வாழையே இல்லை என்பதை நடுவர்களுள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், அதற்குமேல் நீங்கள் எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுப்பின் படங்கள், இலையைப் பறித்து வெறும் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்ன கணினி, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது ஏறத்தாழ 31 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. அந்த ஆய்வாளர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தோப்பில் வெயில் இலை வழியே ஊடுருவும், காற்றில் இலை கிழிந்து தொங்கும், பின்னால் பத்து இலைகள் தெரியும், அடியில் மண் தெறித்திருக்கும். கணினி இவற்றையெல்லாம் பார்த்துப் பழகியிருந்தால் மட்டுமே தோப்பில் உதவும்.

அதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. மற்ற ஊர் அணிகளுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே தோப்பு இருக்கிறது. எல்லா நோய்களையும் பிடிக்க ஆசைப்படாமல், இலைப்புள்ளி நோய், முடிக்கொத்து நோய், நோயற்ற இலை என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடல் நோயைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடியிலைகள் மஞ்சளாவது வாடல் நோயாலும் இருக்கலாம், சாம்பல் சத்துக் குறைவாலும் இருக்கலாம். தண்டை வெட்டி உள்ளே நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் அனுபவசாலிக்கே உறுதியாகத் தெரியும் ஒன்றை, இலைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லத் துணிவது விவசாயிக்குச் செய்யும் கேடு. முடிக்கொத்து நோய் அசுவினிப் பூச்சி வழியாகப் பரவும் வைரஸ் நோய். வந்த வாழையைக் குணப்படுத்த மருந்து கிடையாது, தோண்டி அழிக்கத்தான் வேண்டும். செயலி தவறாகச் சொன்னால் நல்ல வாழை வெட்டுப்படும் என்பதை மனத்தில் வைத்து, உறுதியில்லாதபோது ‘தெரியவில்லை, அலுவலரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லும்படி அதைக் கட்டாயம் அமையுங்கள்.

படம் எடுக்கும்போது காலை, உச்சிவேளை, மாலை என்று வெவ்வேறு நேரங்களில், விலை குறைந்த கைப்பேசி உட்பட இரண்டு மூன்று கைப்பேசிகளில் எடுங்கள். ஏத்தன், கதலி, செவ்வாழை என்று எந்த இனம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எது என்ன நோய் என்பதை நீங்களே முடிவு செய்யாமல், தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டி எழுதி வாங்குங்கள்; திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருப்பதையும் மறக்க வேண்டாம், அவர்கள் வெளியிட்டிருக்கும் நோய் விளக்கங்களைப் படித்துவிட்டே அலுவலரிடம் போங்கள்.

கடைசியாக, பலரும் தவறுகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். எடுத்த படங்களைக் குலுக்கிப் போட்டு, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் கால் பங்கைச் சோதனைக்கும் பிரிக்காதீர்கள். ஒரே வாழையின் ஐந்து படங்களில் நான்கு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் போய்விட்டால், கணினி அந்த வாழையை அடையாளம் கண்டுகொண்டு சரியாகச் சொல்லிவிடும். நோயை அறிந்து சொல்லியதாக நீங்கள் ஏமாந்துபோவீர்கள். மூன்று தோப்புகளின் படங்களில் பயிற்றுவித்து, கணினி பார்த்தேயிராத நான்காவது தோப்பில் சோதியுங்கள். சதவீதம் 70க்கு இறங்கினாலும் அந்த எண்ணையே நடுவர்களிடம் சொல்லுங்கள். எப்படிப் பெற்றது என்ற விளக்கத்தோடு வரும் 70ஐ, விளக்கம் இல்லாமல் வரும் 98ஐவிட மேலானதாகவே நான் மதிப்பேன்; என்னோடு அமர்ந்த நடுவர்களும் அப்படித்தான் மதித்தார்கள்.

கேள்வி: என் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இரவும் பகலுமாக 36 மணி நேரம் போட்டி என்கிறாள். ‘ஹேக்’ என்றாலே அடுத்தவர் வங்கிக் கணக்கில் திருடுவது என்றுதான் செய்தித்தாளில் படிக்கிறேன். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, தங்கள் தயக்கம் நியாயமானது; சொல்லில் தொடங்குகிறேன். கணினித் துறையினரிடையே ‘ஹேக்’ என்பது, ஒரு சிக்கலுக்கு எதிர்பாராத வழியில் சாமர்த்தியமாகத் தீர்வு காண்பது என்ற பொருளிலேயே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. திருட்டுப் பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனோடு மாரத்தான் என்ற நெடுந்தூர ஓட்டத்தின் பெயரைச் சேர்த்து உருவாக்கிய சொல்லே ஹேக்கத்தான். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றுகூடி வேலை செய்த நிகழ்ச்சிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். தகவலை மறைத்துக் காக்கும் சங்கேத முறைகள் குறித்து அன்று அமெரிக்காவில் இருந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைத் தவிர்க்கவே அவர்கள் கனடாவில் கூடினார்கள். தங்கள் மகள் போக விரும்புவது அந்த வழியில் வந்த, அரசும் கல்லூரிகளும் நடத்தும் போட்டி.

36 மணி நேரம் என்பது ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு உரிய கால அளவு. கருவிகளைச் செய்து காட்டும் பிரிவுக்கு ஐந்து நாட்கள். அத்தனை நேரமும் எல்லோரும் விழித்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. இரண்டிரண்டு பேராக முறைவைத்து உறங்கும் அணிகளே மறுநாள் தெளிவாகப் பேசுகின்றன என்பதை நான் கண்டிருக்கிறேன். தாங்கள் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. உடன் வரும் ஆசிரியர் யார், அவருடைய கைப்பேசி எண் என்ன, மாணவிகள் ஓய்வெடுக்கத் தனி இடம் இருக்கிறதா, போக்குவரத்து யார் பொறுப்பு, முடிந்த பிறகு இரவில் எந்த வண்டியில் திரும்புகிறார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் மனநிறைவோடு அனுப்பிவையுங்கள். கிடைக்காவிட்டால், மகளிடம் கோபப்படாமல் கல்லூரியிடம் வற்புறுத்துங்கள். தாங்கள் கேட்பதால் மற்றப் பெற்றோருக்கும் நன்மை உண்டு.

கேள்வி: நாங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள். கால்வாயில் தண்ணீர் ஏறினால் எச்சரிக்கும் கருவியைச் செய்கிறோம். மேசையின் மேல் சரியாக வேலை செய்கிறது. கால்வாயில் வைத்தால் அளவு தாறுமாறாக வருகிறது. போட்டிக்குள் சரிசெய்ய முடியுமா?
– மூன்று மாணவர்கள், சேரன்மகாதேவி

பதில்: முடியும். ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில், ஒலியை அனுப்பி அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் எச்சிஎஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சாரை இணைத்திருப்பதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அந்த சென்சார் 5 வோல்ட்டில் இயங்கி, பதிலையும் 5 வோல்ட்டில் அனுப்புகிறது. ஈஎஸ்பி32 பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு மின்தடைகளைப் போட்டு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்று வேலை செய்யும் பலகை போட்டியன்று செத்துப்போகலாம்.

அடுத்தது வெப்பம். 20 டிகிரியில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. நம் ஊர் வெயிலில் 40 டிகிரி என்றால் 355 மீட்டர். நிரலில் 343 என்று நிலையாக எழுதிவைத்திருந்தால், பாலத்திலிருந்து 3 மீட்டர் கீழே இருக்கும் தண்ணீர் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி சொல்லும். உங்கள் கருவியின் அளவு தாறுமாறாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். விலை குறைந்த வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்து, வேகத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். ஒலி கூம்பாக விரிந்து செல்வதால் கரைச்சுவரிலும் ஆகாயத்தாமரையிலும் பட்டுத் திரும்பும்; சுவரை ஒட்டி வைக்காமல் நீட்டுக்கம்பியில் தள்ளி வையுங்கள். ஒருமுறை அளந்ததை நம்பாமல், பத்துமுறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சிஎஸ்ஆர்04 நனைந்தால் போயிற்று. நீர் புகாத வகையை வாங்கினால், அதற்கு மிக அருகில் உள்ளதை அளக்க இயலாது என்பதை நினைவில் கொண்டு, வெள்ள மட்டத்துக்கும் மேலே போதிய உயரத்தில் பொருத்துங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி மீதமிருக்கும். அதைத்தான் நடுவர்கள் கேட்பார்கள். எச்சரிக்கை எந்த வழியாகப் போகிறது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கித் தவித்தார்கள். பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. கைப்பேசிக் கோபுரத்தை நம்பி நிற்கும் எச்சரிக்கைக் கருவி, தேவைப்படும் அந்த ஓர் இரவில் ஊமையாகிவிடும். குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் தூரம் சிறு தகவல்களை அனுப்பும் லோரா என்ற வானொலி முறையைப் பாருங்கள். இந்தியாவில் அதை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். கடையில் வாங்கும்போது 433க்கு உரியதைத் தந்துவிடப்போகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

கால்வாயைப் பொறுத்தவரை, பாலத்தின் சுவரில் ஏற்கெனவே அளவுக்கோடுகள் தீட்டப்பட்டிருந்தால் அவற்றோடும், இல்லாவிட்டால் நீங்களே பிடிக்கும் அளவுகோலோடும் கருவியின் எண்ணை ஒரு வாரம் காலையும் மாலையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதிவையுங்கள். கருவி வைப்பதற்கு முன் நீர்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற்றுவிடுங்கள். மடை பார்க்கும் பெரியவரிடம், எந்த அளவுக்கு ஏறினால் அவர் ஊருக்குச் சொல்லுவார் என்று கேளுங்கள். அந்த எண்ணே உங்கள் எச்சரிக்கை மட்டம். போட்டி மேசையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சொம்பும் இருந்தால் போதும், நடுவரின் கையிலேயே சொம்பைக் கொடுத்து ஊற்றச் சொல்லிவிடலாம்.

கேள்வி: தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் பேச வராது. ஒதுங்கிக்கொள்வதே நல்லதா?
– மூவர், சங்கரன்கோவில்

பதில்: ஒதுங்க வேண்டாம். எழுத்து வடிவில் அனுப்பும் சுருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கப்படும். அதை எழுதி ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்கிக்கொள்ளலாம். பேசும்போது தமிழும் கலந்து பேச அனுமதி உண்டா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தமிழகத்துக்குள் நடக்கும் போட்டிகளில், தமிழில் தெளிவாகப் பேசிய அணிக்கு அதற்காக மதிப்பெண் குறைந்ததை நான் பார்த்ததில்லை. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே நிரல் திருவிழா என்ற போட்டி நடத்தப்படுகிறது. முதல் அனுபவத்துக்கு அதுவும் ஏற்றது.

உங்கள் தமிழ் உங்களுக்குப் பலம் தரும் இடம் ஒன்றும் உண்டு. தமிழ் மக்களுக்காகச் செய்யப்படும் செயலிகள் பல, தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளாமல் கெடுகின்றன. ‘நெல்லை’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியோ ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, ல, இணைக்கொம்பு என்று ஆறு குறியீடுகளாக எண்ணுகிறது. பெயரை மூன்றோடு வெட்டு என்று நிரல் எழுதினால் ‘நெல’ என்று நின்றுவிடும். பிடிஎஃப் ஆக மாற்றும்போது, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழுவதையும் பார்த்திருப்பீர்கள். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்ய, தமிழைப் பிழையின்றிப் படிக்கும் கண் வேண்டும். பொத்தான்களில் எழுதும் சொற்களையும் நீங்களே தெரிந்தெடுங்கள். ‘சமர்ப்பிக்கவும்’ என்பதைவிட ‘அனுப்பு’ என்பது எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் எழுதி வாங்கலாமா?
– ஒரு மாணவர், வள்ளியூர்

பதில்: போட்டியின் விதிகளைப் படியுங்கள், தடை இருந்தால் பேச்சே இல்லை. அனுமதி இருந்தால் பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்று விளக்க முடியாவிட்டால், அந்த வரியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அணியின் நிரலில் 0.7 என்று ஓர் எண் இருந்தது. ஏன் 0.7, ஏன் 0.6 இல்லை என்று கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அவர்களுடைய செயலி ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொண்டிருந்தது. அன்று அந்தப் பிள்ளைகளை எண்ணி எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பார்த்த மற்ற வேலைகள் நன்றாகவே இருந்தன.

கேள்வி: போட்டிக்குப் போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும்?
– ஒரு மாணவி, தென்காசி

பதில்: நீண்ட ஒயருள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, இரண்டு நிறுவனங்களின் சிம் கொண்ட கைப்பேசிகள், கல்லூரி அடையாள அட்டை, ஒரு போர்வை. இவற்றைவிட முக்கியமானது, செயலி இணையம் இல்லாமலே உங்கள் லேப்டாப்பில் ஓடும்படி ஏற்பாடு செய்துகொள்வது. நூற்றுக்கணக்கானோர் ஒரே வைஃபையில் இருக்கும்போது அது திணறும். இலவச சர்வர்கள் சில, யாரும் வராவிட்டால் உறங்கிப்போய், எழுந்துவர ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடப் பேச்சில் அந்த ஒரு நிமிடம் பெரிது. எல்லாம் சரியாக ஓடும் நேரத்தில் திரையை வீடியோவாகப் பதிந்தும் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களையும், பிற இணையச் சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவிகளையும், நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு குளத்து நீர்ப் பங்கீட்டைப் பற்றிய செயலியோடு போய் உள்சுற்றிலேயே தோற்றோம். ‘இதை யார் பயன்படுத்துவார்கள்’ என்று நடுவர் கேட்டதற்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அதே கருத்தோடு மறுபடியும் போகலாமா?
– ஐந்து மாணவர்கள், நாங்குநேரி

பதில்: விதி இடம் கொடுத்தால் போகலாம். பழைய நிரலை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதில் போட்டிக்குப் போட்டி விதி வேறுபடும். சிலவற்றில் அன்று எழுதியதே ஏற்கப்படும் என்பதால், முன்பே எழுதி வைத்திருப்பது எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொதுப் பயன்பாட்டுக்கென்று பிறர் வெளியிட்ட நிரல்களை எடுத்தாண்டிருந்தால், அவற்றின் உரிம நிபந்தனைகளையும் படியுங்கள்.

நடுவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. உங்கள் செயலியில் ‘பயனாளர்’ என்று எழுதியிருக்கும் இடத்தில், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். கடைமடைக்காரர் ஒருவர், தலைமடைக்காரர் ஒருவர், முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுபவர் ஒருவர் என்று மூன்று பேரை உங்கள் ஊரிலேயே தேடலாம். மூவருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்காது. தலைமடைக்காரருக்கு உங்கள் செயலியே வேண்டாம் என்றுகூட இருக்கலாம். கடைமடைக்காரருக்கோ தன் முறை எப்போது என்ற ஒரே ஒரு தகவல் போதும் என்று இருக்கலாம். அது ஒரு குறுஞ்செய்தியிலோ தமிழில் பேசும் தொலைபேசி அழைப்பிலோ முடியக்கூடிய காரியம் என்றால், சென்ற ஆண்டு செய்த வரைபடங்களையும் வண்ணப் பக்கங்களையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

பிசான நடவு தொடங்கிவிட்டால் அவர்களுக்கு நின்று பேச நேரமிராது. அதற்கு முன்பே, மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு குளத்தங்கரைக்குப் போய்ப் பாருங்கள். சென்ற ஆண்டின் செயலியையும் கையோடு எடுத்துப்போய் அவர்கள் கையிலேயே கொடுத்து, எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.